வாயில் திறந்தது, அறை திறந்ததா?

எத்தனை மொழிகள் பேசப்படுகின்றன என எண்ணிக் காட்டியும், எத்தனை நாட்டு உணவு விற்கப்படுகிறது எனப் பட்டியல் நீட்டியும், "உலகத்தார் அனைவர்க்கும் பொதுவான நகர் எம் நகரே" என்று மார்தட்டிக் கொள்வது மாநகரங்களின் மரபாகிவிட்டது. இந்தப் போட்டியிலே முன்வரிசையில் நிற்பவை இரண்டு: ஒன்று தேம்ஸ் ஆற்றங்கரை இலண்டன், மற்றொன்று அட்சன் ஆற்றின் முகத்துவாரத்து நியூயார்க். 2020 இல் நியூயார்க்கில் குடிக்கணக்கு எடுத்தனர். 2021 இல் இலண்டனில் எடுத்தனர். இரு நகரிலும் மக்கள் ஏறத்தாழ 88 இலட்சம்! இலண்டனில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் பிரிட்டனுக்கு வெளியே பிறந்தவர்கள். நியூயார்க்கில் மூவரில் ஒருவருக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்கள்.

தராசுத் தட்டுகள் ஏறக்குறையச் சமமாக நிற்கின்றனவே, பிறகென்ன ஆராய்ச்சி என்பீர். தோழர்களே, எண்ணிக்கை, வந்தவர் எத்தனை பேர் என்று சொல்லும். வந்தவரை என்ன செய்தார்கள் என்று சொல்லாது. விலங்கு பூட்டிக் கப்பலின் அடித்தட்டிலே அடுக்கிக் கொண்டுவரப்பட்ட அடிமையும் வெளிநாட்டிலே பிறந்தவன்தான். அன்று கணக்கெடுத்திருந்தால், அவனும் சேர்ந்திருப்பான் அந்நகரின் பன்னாட்டுப் பெருமையிலே!

உலகக் குடிமகன் என்ற சொல்லை முதன்முதல் தனக்குச் சூட்டிக்கொண்டவன் டயோஜினிஸ் என்று கிரேக்க ஏடுகள் கூறுகின்றன. யார் அவன்? சினோப் என்னும் சொந்த ஊரிலிருந்து துரத்தப்பட்டு, ஏதென்சுக்கு வந்து சேர்ந்தவன். ஊரற்றவன் வாயிலே பிறந்த சொல் அது, உப்பரிகையிலே பிறந்ததன்று. ஆகவே நகரங்களை அளக்கும் கோலையும் ஊரற்றவனிடமே கொடுப்பது முறை. அவனுக்கு வாடகைக்கு அறை கிடைத்ததா? கூலிக்கு வேலை கிடைத்ததா? அடுத்த வீட்டான் அவன் வீட்டில் உண்டானா? இவற்றைக் கேட்போம் இரு நகரங்களையும்.

இலண்டனின் பழைய விடை வெட்கப்படத்தக்கது. 1290 இல் முதலாம் எட்வர்டு மன்னன் ஓர் ஆணையால் யூதர் அனைவரையும் இங்கிலாந்தை விட்டே வெளியேற்றினான். முன்னூறு ஆண்டுகளுக்குமேல் கதவு சாத்தியே கிடந்தது. 1656 இல் கிராம்வெல் காலத்திலேதான் மீண்டும் வாழ இசைவு கிடைத்தது. கருணையோடு வணிகக் கணக்கும் அதிலே கலந்திருந்தது. 1685 இல் பிரான்சு மன்னன் பதினான்காம் லூயி புராட்டஸ்டன்ட் மக்களுக்கிருந்த பாதுகாப்பைப் பறித்தபோது, யூகனாட்டுகள் எனப்பட்ட அம்மக்கள் ஆயிரம் ஆயிரமாக இலண்டனுக்கு ஓடிவந்தனர். அகதி என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அவர்களோடுதான் அம்மொழிக்குள் வந்தது. அவர்கள் பட்டு நெய்தார்கள். நகரின் கிழக்குப் புறத்திலே ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதியில், தறிக்கு வெளிச்சம் வேண்டி அகன்ற பலகணி வைத்த மாடிகள் எழுந்தன.

அந்தப் பகுதியில் பிரிக் லேன் என்றொரு தெரு. அத்தெருவில் ஒரு கட்டடம். இலண்டனின் வரலாற்றை எழுத ஏடு வேண்டாம், அக்கட்டடம் போதும். 1743 இல் யூகனாட்டுகள் தம் வழிபாட்டுக்காக அதைக் கட்டினர். 1819 இல் அது மெதடிஸ்ட் கிறித்தவர் கைக்கு வந்தது. ரஷ்யப் பேரரசின் கொடுமைக்குத் தப்பிவந்த யூதர்கள் 1898 இல் அதைத் தம் ஆலயமாக்கினர். அவர்கள் வளம் பெற்று வடபுறம் பெயர்ந்தபின், வங்காள தேசத்திலிருந்து வந்தோர் 1976 இல் அதை மசூதியாக்கினர். வெளிச்சுவரின் உச்சியில் ஒரு சூரியக் கடிகாரம், 1743 என்ற ஆண்டோடு இன்றும் இருக்கிறது. மனிதர் வெறும் நிழலே எனப் பொருள்படும் இலத்தீன் வாசகம் ஒன்றும் அதன்மேல் பொறிக்கப்பட்டிருக்கிறது.

ஒரே கூரை! ஒரே சுவர்! தெய்வம் மட்டும் மாறி மாறிக் குடியேறிற்று. எந்தத் தெய்வமும் முந்திய தெய்வத்தோடு வழக்காடவில்லை, வாடகை பேசி வந்தது, விற்றுவிட்டுச் சென்றது! மாறாதது ஒன்றுண்டு. யூகனாட்டு நெசவாளி, யூதத் தையற்காரன், வங்காளத் தையற்காரன் என்று அத்தெருவிலே நூலும் ஊசியுமே வழிவழியாகப் பிழைப்பாய் இருந்தன.

கூரை பொதுவானதால் தெருவும் பொதுவாகிவிடவில்லை. 1905 இல் அயலார் சட்டம் என ஒன்று இயற்றி, ஏழை யூதரின் வரவுக்கு அணைபோட்டது பாராளுமன்றம். செல்வர்க்கு அந்தச் சட்டம் இல்லை. கப்பலின் கீழ்வகுப்பில் வந்தவர்க்கே சோதனை! 1936 அக்டோபர் 4 இல் மோஸ்லியின் பாசிசக் கருஞ்சட்டைப் படை யூதர் வாழும் கிழக்கு இலண்டன் வழியே அணிவகுத்துச் செல்லப் புறப்பட்டது; போலீசார் வழி திறந்துவிட முனைந்தனர். கேபிள் தெருவில் தடுப்பு எழுந்தது. யூதரோடு தோள் சேர்த்து நின்றவர் யார்? அயர்லாந்து வழி வந்த துறைமுகத் தொழிலாளர்! அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன், 1912 வேலைநிறுத்தத்தின்போது, பசியால் வாடிய துறைமுகத் தொழிலாளரின் பிள்ளைகளை யூதக் குடும்பங்கள் தம் வீடுகளிலே வைத்துச் சோறூட்டியிருந்தன. உண்ட வீட்டை மறக்கவில்லை அத்தொழிலாளர். பாசிசப் படை திரும்பிற்று. ஆனால் 1978 மே மாதம், அதே பகுதியிலே, வேலை முடிந்து வீடு திரும்பிய வங்காளத் தையல் தொழிலாளி அல்தாப் அலி இனவெறியரால் குத்திக் கொல்லப்பட்டார். அவர் சவப்பெட்டிக்குப் பின்னே ஆயிரக்கணக்கானோர் நகர நடுவை நோக்கி நடந்தனர். அவர் விழுந்த இடத்துக்கருகே உள்ள பூங்காவுக்கு இன்று அவர் பெயர்.

இனி நியூயார்க். பிறக்கும்போதே பன்மொழி பேசிப் பிறந்த ஊர் அது. டச்சுக்காரர் ஆண்ட 1643 ஆம் ஆண்டிலேயே, அங்கு வந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரிடம், இவ்வூரில் 18 மொழிகள் பேசப்படுகின்றன என்று ஆளுநர் பெருமையோடு கூறினாராம். அன்று அங்கிருந்த ஆண்கள் நானூறு ஐந்நூறு பேரே! 1654 இல் பிரேசிலிலிருந்து தப்பி 23 யூதர்கள் வந்து இறங்கினர். ஆளுநர் ஸ்டைவசன்ட், இவர்களைத் துரத்த வேண்டும் என்று ஆம்ஸ்டர்டாமில் இருந்த கம்பெனிக்கு எழுதினார். கம்பெனி மறுத்துவிட்டது. அறமா? கம்பெனியின் பங்குகளிலே யூதரின் முதலும் இருந்தது! முதல் பேசிற்று, மதம் வாயடைத்தது.

முதல் பேசாத மக்களும் அங்கு இருந்தனர். இன்று உலகப் பணத்தின் கோட்டையெனப்படும் வால் தெருவுக்கு அப்பெயர் தந்த மதிலை 1653 இல் எழுப்பியபோது, உழைத்தவருள் ஆப்பிரிக்க அடிமைகள் இருந்தனர். அந்தத் தெரு ஆற்றைத் தொடும் முனையிலே 1711 இல் அடிமைச் சந்தை அமைந்தது. பங்கு விற்பதற்கு முன்னமே மனிதரை விற்ற தெரு! செத்த பிறகும் அவர்களுக்கு ஊருக்குள் இடமில்லை. மதிலுக்கு அப்பால் புதைத்தனர். 1991 இல் அரசு ஒரு பெரிய கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டியபோது, 400க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஏறத்தாழ 15,000 பேர் அங்கே புதைக்கப்பட்டிருக்கலாம் என்பது மதிப்பீடு. நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1827 இலேதான்.

1863 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மானியத் தையற்காரர் ஒருவர், ஆர்ச்சர்டு தெருவில் 97 ஆம் எண்ணில், வாடகைக் குடித்தனங்களுக்கான மாடிக்கட்டடம் ஒன்றை அவ்வாண்டு எழுப்பினார். அடுத்த எழுபது ஆண்டுகளில் இருபதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த ஏறத்தாழ 7,000 பேர் அங்கே குடியிருந்தனர். இப்போது அது அருங்காட்சியகம். அதே 1863 ஜூலையில், உள்நாட்டுப் போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு என்றதும் கலகம் மூண்டது. பணம் கட்டினால் பணக்காரன் தப்பலாம் என்ற சட்டத்தின்மீது எழுந்த சினம் நியாயமானதே. ஆனால் அது பாய்ந்தது எங்கே? கறுப்பின அநாதைக் குழந்தைகள் இல்லத்தின்மீது! 200க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பின்வாயில் வழியே அழைத்துக்கொண்டு ஓடினர் காப்பாளர். முன்வாயிலிலே தீ வைத்தனர் கலகக்காரர். அந்தக் கும்பலில் பலர், பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். இலண்டனில் யூதனுக்காகத் தடுப்பு எழுப்பியவனும் அயர்லாந்து வழியினன். நியூயார்க்கில் அநாதை இல்லம் கொளுத்தியவனும் அயர்லாந்து வழியினன். இரத்தத்திலே இருக்கிறது குணம் என்போர் இதற்கு என்ன விளக்கம் தருவரோ!

1886 இல் விடுதலைத் தேவியின் சிலை துறைமுகத்திலே தீப்பந்தம் ஏந்தி நின்றது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1882 இல், சீனத் தொழிலாளர் நுழையக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. எல்லிஸ் தீவின் வாயில் 1892 முதல் 1954 வரை ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் பேரை உள்ளே விட்டது; இலண்டன் கனவிலும் காணாத பெருவெள்ளம்! வெள்ளத்துக்கு நிறம் பார்த்தனர். 1917 இல் ஆசியாவின் பெரும்பகுதிக்குக் கதவடைப்பு. 1924 இல் தென் ஐரோப்பியருக்கும் கிழக்கு ஐரோப்பியருக்கும் அளவுப்படி.

இடையிலே ஒரு வேடிக்கை. அமெரிக்கப் படையிலே பணிபுரிந்த பஞ்சாபியரான பகத் சிங் திண்ட் குடியுரிமை கேட்டார். வெள்ளையர்க்கும் ஆப்பிரிக்க வழியினர்க்கும் மட்டுமே அது உரியது என்றது சட்டம். சட்டம் அநீதி என்றா வாதிட்டார்? இல்லை! நான் உயர்சாதியினன், ஆரியன், ஆகவே வெள்ளையன் என்று வாதிட்டார். 1923 இல் உச்சநீதிமன்றம், நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக, அந்த வாதத்தைத் தள்ளிற்று. ஆரிய மேன்மை அட்லாண்டிக் கடலோரத்தில் செல்லாக் காசாயிற்று.

திண்டின் வழக்குக்கு முன்னரே நியூயார்க் வந்தார் ஒருவர். 1913 இல், 22 வயதில், பரோடா மன்னரின் உதவித்தொகையோடு வந்த அம்பேத்கர்தான் அவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதியில் முதலில் தங்கினார். பின் இந்திய மாணவர் நடத்திய ஒரு விடுதிக்கு மாறினார். அதன் பெயரே காஸ்மாபாலிட்டன் கிளப்! பிறகு பார்சி நண்பர் ஒருவரோடு மற்றொரு விடுதி. 1916 இல் இலண்டன்; பொருளியல் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக்கழகத்திலும் கல்வி. யாரும் அவரைத் தள்ளி நில் என்று சொல்லவில்லை. தீண்டப்படாதவன் என்ற உணர்வே அந்த ஐந்தாண்டு வாழ்வில் தம் நெஞ்சினின்று நீங்கிவிட்டதாகப் பின்னாளில் எழுதினார் அவர். 1917 இல் பரோடா திரும்பினார். இரு மாநகரங்களின் பட்டமும் படிப்பும் பெற்றவர்க்கு அவ்வூரில் தங்க அறை கிடைக்கவில்லை! பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரிலே தங்க நேர்ந்தது; பதினொன்றாம் நாள் தடியேந்திய கும்பல் வந்து வெளியேற்றியது. கடல் கடந்த இடத்தில் கதவு திறந்தது, பிறந்த மண்ணிலே சாத்திற்று.

எனினும் அம்பேத்கரின் சான்றை வைத்து அமெரிக்காவுக்கு நற்சான்று எழுதிவிட முடியாது, அவரே எழுதவில்லை. கொலம்பியாவின் அண்டையிலேதான் ஆர்லெம், கறுப்பின மக்களின் பேட்டையாக அப்போது திரண்டுகொண்டிருந்தது. அம்மக்கள் தங்கள் துன்பத்தை ஐக்கிய நாடுகள் அவைக்கு எடுத்துச் சென்றதை அறிந்து, 1946 இல் அறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதி, அம்மனுவின் படிகள் கேட்டார் அம்பேத்கர். தீண்டாதாரின் நிலையும் அவர்கள் நிலையும் ஒத்தவை என்பது அவர் எண்ணம்.

அந்த ஒப்புமை எவ்வளவு பொருத்தம் என்பதை நியூயார்க்கின் வீட்டு வரலாறு காட்டும். இரண்டாம் உலகப்போரை அடுத்து, 1947 இல், ஸ்டைவசன்ட் டவுன் என்ற குடியிருப்பு திறக்கப்பட்டது. 8,000க்கு மேற்பட்ட வீடுகள். கட்டியது மெட்ரோபாலிடன் லைஃப் காப்பீட்டுக் கம்பெனி. நிலத்தைக் கையகப்படுத்தித் தந்ததும் வரிச்சலுகை அளித்ததும் நகர ஆட்சி. ஆனால் கறுப்பினத்தார்க்கு வீடில்லை! வழக்கு நடந்தது, 1949 இல் மாநில மேல்மன்றம் கம்பெனி பக்கமே தீர்ப்பளித்தது. அங்கே குடியிருந்த வெள்ளையர் சிலர், இந்த இழிவு எங்களுக்கு வேண்டாம் என்று குழு அமைத்துப் போராடினர். அவருள் லீ லார்ச் என்ற கணித ஆசிரியர், தம் வீட்டிலே ஒரு கறுப்பினக் குடும்பத்தைத் தங்கவைத்தார். 1949 இல் நியூயார்க்கில் வேலை போயிற்று. அடுத்து பென்சில்வேனியாவிலே சேர்ந்த வேலையும் 1950 இல் போயிற்று. கணக்கிலே பிழை செய்தாரா? இல்லை, மனிதரைக் கூட்டிப் பார்த்தார்! ஆனால் போராட்டம் வீண்போகவில்லை. 1952 இல் கம்பெனி, குழுவினரை வெளியேற்றும் முயற்சியைக் கைவிட நேர்ந்தது. 1957 இல் தனியார் வீடுகளிலும் இன, நிற, மத வேற்றுமை காட்டக்கூடாது என்று நியூயார்க் நகரமே சட்டம் இயற்றிற்று. அமெரிக்க நகரங்களில் அதுவே முதல்.

இலண்டனுக்கு இந்த இடத்தில் தலைகுனிவு. 1948 ஜூனில் விண்ட்ரஷ் கப்பல் கரீபியத் தீவினரை ஏற்றிக்கொண்டு டில்பரித் துறைக்கு வந்தது. வந்தவர்கள் சட்டப்படி பிரிட்டிஷ் குடிகள். போருக்குச் சென்று உயிர் பணயம் வைத்தவரும் அவர்களில் உண்டு. பேருந்துகளுக்கு ஆள் வேண்டுமென்று 1956 இல் பார்படோஸ் தீவுக்கே சென்று ஆளெடுத்தது இலண்டன் போக்குவரத்துத் துறை. பேருந்தை ஓட்டக் கறுப்பர் வேண்டும். பேருந்து நின்றபின் அவர் தலைசாய்க்க அறை? சாளரத்திலே அட்டை தொங்கிற்று, கறுப்பர் வேண்டாம் என்று! சட்டம் அதைத் தடுக்கவில்லை. 1965 இன் இன உறவுச் சட்டம்கூடப் பொது இடங்களோடு நின்றுவிட்டது. வீட்டுக்கும் வேலைக்கும் 1968 இலேதான் நீண்டது. நியூயார்க்கின் நகரச் சட்டத்துக்குப் பதினோர் ஆண்டு பின்னால்! வங்கி கடன் தரவில்லை. அம்மக்கள் என்ன செய்தனர்? நம் ஊர்ச் சீட்டுப் பிடிப்பதைப் போன்ற ஒரு முறை அவர்களிடமும் உண்டு, பார்ட்னர் என்பர். வாரந்தோறும் ஆளுக்கொரு தொகை. முறைவைத்து ஒருவர் எடுப்பார். அப்படிச் சேர்த்த காசிலே பழைய வீடுகளை வாங்கினர், அடுத்து வந்தவர்க்கு அறை கொடுத்தனர்.

இரு நகரங்களையும் உடம்பாலே அளந்தவர் கிளாடியா ஜோன்ஸ். டிரினிடாடில் பிறந்து, 1924 இல் சிறுமியாக ஆர்லெம் வந்தவர். ஈரம் ஊறிய வாடகை வீட்டிலே காசநோய் பற்றிற்று, வாழ்நாளெல்லாம் விடவில்லை. பொதுவுடைமை இயக்கத்தில் எழுத்தாளரானார். குடியுரிமை கேட்டார், மறுத்தனர். சிறையிலடைத்தனர். முப்பதாண்டு வாழ்ந்த நாட்டிலிருந்து 1955 இறுதியில் கப்பலேற்றி அனுப்பினர். இலண்டன் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட இலண்டன் எப்படி இருந்தது? 1958 கோடையிறுதியில் நாட்டிங் ஹில் பகுதியிலே வெள்ளை இளைஞர் கும்பல்கள் கறுப்பினத்தார் வீடுகளைத் தாக்கின. கிளாடியா அவ்வாண்டிலேதான் கரீபிய மக்களுக்காக இதழ் தொடங்கியிருந்தார். அடிபட்ட மக்களைக் குனிந்த தலையோடு விட்டுவிட மனமில்லை அவருக்கு. 1959 ஜனவரியில், பனிக்காலத்தில், நகரமன்ற மண்டபத்துக்குள்ளே கரீபியத் திருவிழா நடத்தினார். பின்னாளில் நாட்டிங் ஹில் தெருக்களிலே ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் கூடும் விழாவுக்கு அதுவே முன்னோடி. 1964 இல் மறைந்தார். ஹைகேட் இடுகாட்டில் கார்ல் மார்க்சுக்கு இடப்பக்கம் அவர் கல்லறை.

எது முந்தி, எது பிந்தி? என் தீர்ப்பைக் கேட்டால், வாயிலில் நியூயார்க் மூத்தது. அறையிலே இலண்டன் ஒருபடி முன்னே நிற்கிறது. 1957 இல் சட்டம் இயற்றிய நியூயார்க்கிலே, அதற்கு முன்பே வங்கிகளும் கம்பெனிகளும் நிறத்துக்கொரு பேட்டை என்று நகரைக் கூறுபோட்டிருந்தன. சட்டம் வந்தபோது சுவர் இறுகிவிட்டது. அம்மாநிலத்தின் பள்ளிகளே நாட்டில் மிக அதிகமாக இனவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வு 2014 இல் கூறிற்று. இலண்டனில் நகராட்சி கட்டிய வாடகை வீடுகள் செல்வர் வாழும் பகுதிகளிலும் ஊடாடிக் கிடக்கின்றன. அந்த வீடுகளைப் பெற அங்கேயே பல ஆண்டு குடியிருந்திருக்க வேண்டும் என்ற விதியால் முதலில் புதியவரைத் தடுத்தனர். தடை தளர்ந்தபின், ஒரே படிக்கட்டிலே பல நிறத்தார் ஏறி இறங்கினர். கலப்புமணம் அங்கே ஊர்ப்பேச்சாவதில்லை. பாகிஸ்தானிலிருந்து வந்த பேருந்து ஓட்டுநரின் மகன் சாதிக் கான் 2016 இல் இலண்டன் மேயரானார். உகாண்டாவின் கம்பாலாவில் பிறந்த சோரன் மம்தானியை நியூயார்க் 2025 நவம்பரில் மேயராகத் தேர்ந்தெடுத்தது. அந்த நகரின் பேருந்துகளில் கறுப்பின ஓட்டுநரை அமர்த்தவே 1941 இல் ஆர்லெம் மக்கள் பேருந்தேறாமல் நடந்து போராட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்க.

இனி நம்மவரைப் பற்றியும் ஒரு சொல். இந்த இரு நகரங்களுக்கும் நம் நாட்டினர் சென்றிருக்கின்றனர். பெட்டியிலே பட்டமும் ஊறுகாயும் மட்டும் போகவில்லை, சாதியும் போயிருக்கிறது. அம்பேத்கருக்குத் தீண்டாமையை மறக்கவைத்த இலண்டனில், அதை நினைவூட்ட நம்மவரே போதுமென்றாயிற்று! 2010 இல் பிரிட்டன் இயற்றிய சமத்துவச் சட்டத்தில், சாதியையும் இனப்பாகுபாட்டின் கூறாகச் சேர்க்க அரசுக்கு அதிகாரம் தரப்பட்டது. 2013 இல் பாராளுமன்றம் அதைக் கடமையாகவே ஆக்கிற்று. இந்து அமைப்புகள் சில எதிர்த்து நின்றன. கலந்தாய்வு நீண்டது, நீதிமன்றத் தீர்ப்புகளே போதுமென்று 2018 இல் அரசு கைவிட்டது. அம்பேத்கர் 1921 இலும் 1922 இலும் தங்கியிருந்த கிங் ஹென்றி சாலை 10 ஆம் எண் வீட்டை மகாராட்டிர அரசு 2015 இல் விலைக்கு வாங்கி நினைவில்லமாக்கியது. அந்த வீட்டிலிருந்து சில கல் தொலைவிலேதான் அந்தப் பாராளுமன்றம். அமெரிக்க நகரங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து முதன்முதல் சட்டம் இயற்றியது 2023 பிப்ரவரியில் சியாட்டில். விடுதலைத் தேவியின் சிலை நிற்கும் துறைமுகத்திலிருந்து நாட்டின் மறுகோடி.